நார்மண்டி கடற்கரைக்கு ஒரே ஒரு நாள்: எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்?

பாரிஸுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் ஐஃபல் கோபுரத்தையும் லூவ்ரையும் பார்த்து முடித்தபின் கேட்கும் கேள்வி இது: "1944இல் படைகள் வந்து இறங்கிய அந்தக் கடற்கரையைப் பார்க்க வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?" சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்ஸை மீட்க நேசநாடுகளின் படைகள் இறங்கியது ஒரு கடற்கரையில் அல்ல, ஐந்தில். மேற்கிலிருந்து கிழக்குவரை சுமார் 80 கிலோமீட்டருக்கு அவை நீண்டு கிடக்கின்றன. வழிநெடுக அருங்காட்சியகங்கள். பலவற்றில் சீருடை போட்ட பொம்மைகள், துருவேறிய துப்பாக்கிகள், ஒரு ஜீப். எதற்குப் போனாலும் ஒன்றுதான் என்று நினைத்து ஏதோ ஒன்றில் நுழைந்தால், நாள் முழுவதும் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தே கழிந்துவிடும்.

துப்பாக்கியும் சீருடையும் பார்க்க வேண்டுமென்றால் பாரிஸிலேயே இன்வாலிட் ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்காக ரயிலேறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யத் தேவையில்லை. கடற்கரையில் நிற்கும் அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அது எதைப் பற்றிப் பேசுகிறதோ அது வாசலுக்கு வெளியே கிடக்கிறது: மணல், மேடு, சதுப்பு, கான்கிரீட், கடல். உள்ளே தெரிந்துகொண்டதை வெளியே வந்து நடந்து, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறதா? இதை வைத்துத்தான் நான் ஓர் இடத்தைச் சொல்கிறேன். உள்ளே எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

முதலில் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மேற்கு ஓரத்தில் யூட்டா, அடுத்து ஒமாஹா. இவை இரண்டும் அமெரிக்கப் படைகள் இறங்கியவை. நடுவில் கோல்ட், பிரிட்டிஷ் படைகளுடையது. அதற்குக் கிழக்கே கனடியர்கள் இறங்கிய ஜூனோ. கடைசியில் மறுபடியும் பிரிட்டிஷாரின் ஸ்வோர்ட். 1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் வானிலிருந்தும் கடல்வழியாகவும் ஏறக்குறைய 1,56,000 பேர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்பு அன்றைக்குக் கடல் எப்போது வற்றுகிறது என்று பாருங்கள். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆங்கிலக் கால்வாயின் இந்தக் கரையில் அது ஆறேழு மீட்டர். காலையில் சுவரை மோதிக்கொண்டிருந்த கடல் மதியம் பார்த்தால் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகக் கிடக்கும். 1944இல் எல்லாமே இதை ஒட்டித்தான் திட்டமிடப்பட்டது. ஜெர்மானியத் தளபதி ரோமெல் கரை நெடுகக் கூரான கம்பங்களையும் இரும்புத் தடுப்புகளையும் நட்டு, பலவற்றில் கண்ணிவெடியும் கட்டி வைத்திருந்தார். நீர் ஏறியிருக்கும்போது படகுகள் வந்தால் அவை கண்ணுக்குத் தெரியாமல் அடிவயிற்றைக் கிழித்துவிடும். அதனால் நேசப்படைகள் நீர் வற்றி, மறுபடி ஏறத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தன. தடுப்புகள் தெரிந்தன. ஆனால் படகிலிருந்து குதித்தவர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் திறந்த மணலில் ஓட வேண்டியிருந்தது. இந்தத் தூரத்தை நீர் வற்றிய நேரத்தில் போய்ப் பார்த்தால்தான் உணர முடியும். ஏற்றத்தின்போது போனால் ஒரு சின்ன மணல் பட்டையைப் பார்த்துவிட்டு, இதில் ஓடுவதா பெரிய விஷயம் என்று தோன்றிவிடும். இந்தக் கரையில் ஏற்றம் மேற்கிலிருந்து கிழக்காக நகர்கிறது. அதனால்தான் அமெரிக்கர்கள் காலை 6.30க்கு இறங்க, பிரிட்டிஷ், கனடியப் படைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து இறங்கின.

சரி, இடங்களுக்கு வருவோம். கார் வசதி இருந்து, ஒரே ஓர் அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் தயங்காமல் சொல்வது யூட்டா.

சான்ட் மரி தியு மோன் என்ற ஊரை ஒட்டி, மணல் மேடுகளுக்கு நடுவில் தாழ்வாக நிற்கிறது அந்த அருங்காட்சியகம். ஜெர்மானியப் படையின் ஐந்தாம் எண் காவல் அரண் இருந்த இடத்திலேயே, அந்தக் கான்கிரீட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். 1962இல் இதைத் தொடங்கியவர் அவ்வூர் மேயர் மிஷேல் தெ வல்லவியேய். அவர் கதையே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போதும். படைகள் இறங்கிய அன்று அவர் இளைஞர். அவர்கள் குடும்பப் பண்ணையான பிரெகூர் பக்கத்தில் ஜெர்மானியப் பீரங்கிகள் இருந்தன. அதைப் பிடிக்க வந்த அமெரிக்க வான்குடைப் படையினர் இவரை எதிரி என்று தவறாக நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர்களே சிகிச்சை கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். தன்னைச் சுட்ட படையின் நினைவாக அருங்காட்சியகம் கட்டும் மனம் எல்லோருக்கும் வராது. இந்த இடத்தின் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு இது ஒரு பெரிய காரணம்.

உள்ளே முக்கியமான பொருள் ஒரு விமானம். அமெரிக்க பி-26 மராடர் குண்டுவீச்சு விமானம். உலகில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2011இல் விரிவாக்கிய கட்டடத்தில், ஒரு பழைய விமானக் கொட்டகை மாதிரி அமைத்த கூடத்தில் அதை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த விரிவாக்கத்துக்குப் பெரும் பணம் கொடுத்தவர்கள், அன்று இதே கரையின் மீது குண்டு வீசிய விமானப் பிரிவொன்றை வழிநடத்திய மேஜர் டேவிட் டியூஹர்ஸ்டின் மகன்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார்.

அந்த விமானம் அங்கே ஏன் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் யூட்டாவுக்கும் ஒமாஹாவுக்கும் இடையிலான வேறுபாட்டில் பாதி புரிந்துவிடும். ஒமாஹாவில் குண்டு வீச வந்தவை பெரிய நான்கு எந்திர விமானங்கள். மேகத்துக்கு மேலே உயரத்தில் பறந்து, ராடாரை நம்பி, கரையை நெருங்கும் சொந்தப் படகுகள் மீது விழுந்துவிடக் கூடாதே என்று சில நொடிகள் தாமதித்துக் குண்டுகளை விட்டன. அவை கரையைத் தாண்டி உள்நாட்டு வயல்களில் விழுந்தன. கரையில் இருந்த காவல் அரண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யூட்டாவில் மராடர்கள் மேகத்துக்குக் கீழே தாழ இறங்கி, கரைக்கு இணையாகப் பறந்து குண்டு வீசின. ஐந்தாம் எண் அரண் நொறுங்கியது. அங்கே தளபதியாக இருந்த ஆர்தர் யான்கே என்ற இளம் அதிகாரியிடம் கம்பி மூலம் இயக்கும் சிறு வெடி வண்டிகள் இருந்தன. குண்டுவீச்சுக்குப் பிறகு அவை சரியாக வேலை செய்யவில்லை. இதை உள்ளே படித்துவிட்டு நாம் நிற்கும் தரையும் அதே அரண்தான். கதவைத் தாண்டினால் மணல் மேடு, அதைத் தாண்டினால் கடல்.

இன்னொன்று, இந்தத் தரையிறக்கமே தவறான இடத்தில் நடந்தது. நீரோட்டமும் புகையும், வழிகாட்ட வேண்டிய படகுகள் சில மூழ்கியதும் சேர்ந்து, முதல் அணியைத் திட்டமிட்ட இடத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து விட்டன. அந்த முதல் அணியில் கைத்தடியோடு இறங்கியவர் ஜெனரல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியர், பழைய அமெரிக்க அதிபரின் மகன். அப்போது அவருக்கு வயது 56. மூட்டு வலி இருந்தது, இதயமும் சரியில்லை. முதல் அணியோடு போகத் திரும்பத் திரும்ப அனுமதி கேட்டு வாங்கியிருந்தார். இடம் தவறிவிட்டது என்று தெரிந்ததும் படைகளை வடக்கே நகர்த்தச் சொல்லவில்லை. இங்கிருந்தே தொடங்கலாம் என்று முடிவெடுத்தார். போக வேண்டியிருந்த இடத்தில் காவல் இன்னும் பலமாக இருந்தது, ஆகவே தவறு நன்மையாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று, மாரடைப்பால் இறந்தார்.

வெளியே வந்து கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். நிலம் தட்டையாக, தாழ்வாக, வாய்க்கால்களோடு போகும். ஜெர்மானியர்கள் இந்தத் தாழ்நிலத்தில் வேண்டுமென்றே நீரைத் தேக்கியிருந்தார்கள். கரையிலிருந்து உள்ளே போகச் சில மேட்டுப் பாதைகள் மட்டுமே இருந்தன. முந்தைய இரவு ஆயிரக்கணக்கான வீரர்களை வான்குடையில் இறக்கியதற்கு இந்தப் பாதைகளைப் பிடிப்பது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் திரும்பிப் போகும் காரும் அப்படியொரு பாதையில்தான் போகும். வேறு எந்த அருங்காட்சியகத்திலும் உள்ளே சொன்ன பாடம் இவ்வளவு தெளிவாக வெளியே தொடர்வதில்லை.

யூட்டாவின் குறை தூரம். ரயிலில் வருகிறவர்கள் வழக்கமாக இறங்கும் பாயோ நகரிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பக்கத்து ரயில் நிலையம் கராந்தான். அங்கிருந்தும் டாக்சியோ காரோ வேண்டும். கார் இல்லாதவர்கள் இதற்காகச் சிரமப்பட வேண்டாம், அவர்களுக்கு நான் வேறு இடம் சொல்வேன்.

ஒமாஹாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஏனென்றால் அந்தப் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். அன்று மிகுந்த ரத்தம் சிந்திய கரை அது. யூட்டாவில் கரையிறங்கிய படையின் இழப்பு சில நூறு என்றால் இங்கே கொல்லப்பட்டோரும் காயமடைந்தோரும் காணாமல் போனோரும் சேர்ந்து 2,000க்கு மேல். கடலில் மிதந்து வர வேண்டிய டாங்கிகளில் ஒரு படைப்பிரிவு இறக்கிவிட்ட 29இல் 27 அலையில் மூழ்கின. கரையை மறித்து நிற்கும் மேட்டிலிருந்து ஜெர்மானியர்கள் கீழே மணலைப் பார்த்துச் சுட்டார்கள்.

ஆனால் ஒமாஹாவில் அருங்காட்சியகத்தைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. கோல்வில் ஊரில் 2013இல் திறந்த ஓவர்லார்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. டாங்கிகளும் ராணுவ வண்டிகளும் அசல் அளவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வண்டிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் பதின்ம வயதுப் பையன்களுக்கும் பிடிக்கும். மற்றவர்கள் அதே நேரத்தை அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். கடலைப் பார்த்த அந்த மேட்டின் மீதே 9,380க்கு மேற்பட்ட வெள்ளைச் சலவைக்கல் சிலுவைகளும் தாவீது நட்சத்திரங்களும் வரிசையாக நிற்கின்றன. ரூஸ்வெல்ட் இங்கேதான் இருக்கிறார். முதல் உலகப் போரில் 1918இல் இறந்த அவர் தம்பி குவென்டினின் உடலைப் பின்னாளில் கொண்டுவந்து பக்கத்திலேயே புதைத்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2007இல் திறந்த பார்வையாளர் மையமும் இலவசம். அதிலிருக்கும் காட்சிக்கூடம் கட்டணம் வாங்கும் சில தனியார் அருங்காட்சியகங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆயுதங்களைக் குறைத்து, இறந்தவர்கள் சிலரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிறார்கள். கல்லறைகளைப் பார்த்தபின் சான் லோரான் பக்கம் கீழே இறங்கி, மணலில் நின்று மேட்டை அண்ணாந்து பாருங்கள். எங்கிருந்து சுட்டார்கள், எதைத் தாண்டி ஓடினார்கள் என்பதை விளக்க அதற்குமேல் யாரும் தேவையில்லை.

ரயிலில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஆரோமான்ஷ். பாயோவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். பேருந்து உண்டு, டாக்சிக்கும் கட்டுப்படியாகும் தூரம், பழக்கமுள்ளவர்கள் சைக்கிளிலேயே போகலாம். இங்கே பார்க்க வேண்டியது சண்டையை அல்ல, ஒரு துறைமுகத்தை. 1942 ஆகஸ்டில் நேசப்படைகள் பிரான்ஸின் தியெப் துறைமுகத்தை நேரடியாகத் தாக்கியபோது, கரையிறங்கியவர்களில் பெரும்பகுதி இறந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். பலத்த காவலுள்ள துறைமுகத்தை எளிதில் பிடிக்க முடியாது என்று அதில் தெரிந்தது. துறைமுகம் இல்லாமல் லட்சக்கணக்கான வீரர்களுக்குச் சோறும் பெட்ரோலும் குண்டும் எப்படிக் கொண்டுவருவது? அப்படியானால் துறைமுகத்தையே செய்து கடலில் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். கடலின் ஏற்ற இறக்கத்தோடு மிதந்து ஏறி இறங்கும் இறங்குதுறைகள் வேண்டும் என்று சர்ச்சில் 1942 மே மாதக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்.

பெரியவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6,000 டன் எடையுள்ள, அடுக்குமாடி உயரமுள்ள கான்கிரீட் பெட்டிகளை இங்கிலாந்தில் கட்டி, கால்வாயைத் தாண்டி இழுத்துவந்து வரிசையாக மூழ்கடித்து அலைதடுப்பாக நிறுத்தினார்கள். பழைய கப்பல்களையும் அப்படியே மூழ்கடித்தார்கள். உள்ளே அமைதியான நீரில், கால்கள் ஊன்றிய மேடைகளும் அவற்றிலிருந்து கரைவரை மிதக்கும் சாலைகளும். இப்படி இரண்டு துறைமுகங்கள் அமைத்தார்கள். ஒமாஹாவில் அமைத்ததை ஜூன் 19இல் தொடங்கிய புயல் நொறுக்கிவிட்டது. ஆரோமான்ஷில் இருந்தது சேதத்தோடு தப்பி மாதக்கணக்கில் உழைத்தது.

அந்தக் கான்கிரீட் பெட்டிகள் இன்னும் கடலில் நிற்கின்றன. இங்கேயும் வற்றத்தின்போது போக வேண்டும். மிதக்கும் சாலையைத் தாங்கிய சிறிய கான்கிரீட் மிதவைகள் மணலில் கிடக்கும், அவற்றின் பக்கத்திலேயே நடந்து போகலாம். அருங்காட்சியகம் 1954இல் அதிபர் ரெனே கொத்தி திறந்துவைத்தது. தரையிறக்கத்துக்காகவே கட்டிய அருங்காட்சியகங்களில் மூத்தது. பழைய கட்டடம் நெருக்கடியாக இருந்தது. 2023இல் அதே இடத்தில் புதிய கட்டடம் திறந்தார்கள். கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர்கள். ஏற்ற இறக்கத்தோடு மேடை எப்படி ஏறி இறங்கியது என்று மாதிரி வடிவத்தில் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் அசல் துண்டுகள் கண்ணாடிக்கு வெளியே தெரியும். பொறியியல் படித்தவர்கள், கட்டுமான வேலையில் இருப்பவர்கள், எதையும் எப்படிச் செய்தார்கள் என்று கேட்கும் பிள்ளைகள், இவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. போர் என்றாலே சுடுவதுதான் என்ற எண்ணத்தையும் இது மாற்றும். சாமான் வந்து சேராமல் எந்தப் படையும் ஒரு வாரம் தாங்காது.

ஆரோமான்ஷின் குறை கூட்டம். கோடையில் ஊரே சுற்றுலாப் பேருந்துகளால் நிரம்பிவிடும். காலையில் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. நேரம் மிச்சமிருந்தால் மேற்கே ஆறேழு கிலோமீட்டரில் லோங் சுர் மேர் பீரங்கித் தளம். கான்கிரீட் கூடுகளுக்குள் பழைய பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தளத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. எதிர்த்திசையில் அதே அளவு தூரத்தில் வேர் சுர் மேரில் 2021இல் திறந்த பிரிட்டிஷ் நினைவிடம்; பிரிட்டிஷ் தளபதியத்தின் கீழ் இறந்த 22,000க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள்.

டொராண்டோவிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நான் ஜூனோவுக்குத்தான் போகச் சொல்வேன். அங்கே பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இது அவர்கள் நாட்டு வரலாறு. குர்சோல் சுர் மேரில் 2003 ஜூன் 6 அன்று திறந்த ஜூனோ மையத்தைக் கட்டப் பாடுபட்டவர்கள் அன்று இதே கரையில் இறங்கிய முன்னாள் கனடிய வீரர்களே. அதில் முன்னின்றவர் கார்த் வெப். சுமார் 14,000 கனடியர்கள் அன்று இங்கே இறங்கினார்கள். அவர்கள் எல்லோரும் படையில் தாமாகச் சேர்ந்தவர்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

இந்த மையம் மற்றவற்றிலிருந்து வேறுபடுவது இரண்டு விஷயங்களில். ஒன்று, போருக்கு முந்தைய கனடாவிலிருந்து தொடங்குகிறார்கள்: பொருளாதார மந்தம், ஆலைகளில் வேலைக்குப் போன பெண்கள், பழங்குடி வீரர்கள், வீட்டிலிருந்தவர்களின் காத்திருப்பு. பீரங்கி பார்க்க வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மனிதர்களைப் பார்க்க வந்தவருக்கு நிறைய இருக்கிறது. இரண்டாவது, வழிகாட்டிகள். கனடாவிலிருந்து சில மாதங்களுக்கு வந்து வேலை செய்யும் இளைஞர்கள் அவர்கள். வாசலுக்கு எதிரே மணலில் புதைந்திருக்கும் ஜெர்மானியப் பதுங்கு அறைகளுக்குள் அவர்களே கூட்டிப் போவார்கள். பொறுமையாக, கேள்விக்கு இடம் கொடுத்துப் பேசுகிறார்கள். அந்தச் சுற்றைத் தவறவிட வேண்டாம். குளிர்காலத்தில் அது நடப்பதில்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான்கில் இதுதான் எளிது. கார் இருந்தால் பக்கத்து ரெவியேர் ஊரில் இருக்கும் கனடியக் கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். 2,000க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். கற்களில் வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் இருபது, இருபத்தொன்று என்றே வரும்.

கான் நகரின் மெமோரியல், கண்டிப்பாகச் சொன்னால், கடற்கரையில் இல்லை. ஸ்வோர்ட் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் உள்ளே, நகரின் வடக்கு ஓரத்தில், ஒரு ஜெர்மானியத் தளபதியின் நிலத்தடி அறைக்கு மேலே கட்டி 1988இல் அதிபர் மித்தரான் திறந்துவைத்தார். நான் சொன்ன அளவுகோலில் இது தோற்றுவிடும். வெளியே வந்தால் கார் நிறுத்துமிடமும் நெடுஞ்சாலையும்தான். அளவில் பெரியதும் டிக்கெட் விலை கூடியதும் இதுதான். நிதானமாகப் பார்த்தால் அரை நாளுக்கு மேல் ஆகும், படிக்க வேண்டியது ஏராளம்.

ஆனாலும் சிலருக்கு இதைத்தான் சொல்வேன். 1918க்குப் பிறகு உலகம் எப்படி மறுபடி போருக்குப் போனது, ஹிட்லர் எப்படி வந்தார், யூதர்களுக்கு என்ன நடந்தது, பின்னர் பனிப்போர் என்று முழுக் கதையையும் இங்கே சொல்கிறார்கள். அதோடு, கடற்கரை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஓரிரு சுவர்களில் முடித்துவிடும் ஒரு விஷயத்துக்கு இங்கே இடம் இருக்கிறது: அந்த ஊர்க்காரர்கள். நார்மண்டியில் அந்தக் கோடையில் ஏறக்குறைய 20,000 குடிமக்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் இறந்தது விடுவிக்க வந்தவர்களின் குண்டுவீச்சில். முதல் நாளே பிடித்துவிடலாம் என்று திட்டமிட்ட கான் நகரை முழுவதுமாகப் பிடிக்க ஜூலை மூன்றாம் வாரம் ஆனது. அதற்குள் ஊர் பெரும்பாலும் இடிபாடாகிவிட்டது. போரில் ஊரை இழந்தவர்கள், விமானச் சத்தம் கேட்டுப் பதுங்கிய நினைவு உள்ளவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டாங்கியும் தளபதியும் முக்கியமில்லை. இந்தப் பகுதிதான் அவர்களோடு பேசும். அதே காரணத்தால், அவர்களைக் கூட்டிப் போவதற்கு முன் உள்ளே குண்டுவீச்சுப் படங்களும் ஒலியும் இருக்கும் என்பதைச் சொல்லி, வர விருப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வான்குடைப் படையில் ஆர்வமென்றால் யூட்டாவிலிருந்து உள்நாட்டில் சான்ட் மேர் எக்லீஸ். அமெரிக்க வீரர் ஜான் ஸ்டீல் தேவாலயக் கோபுரத்தில் வான்குடை சிக்கித் தொங்கிய ஊர் அது, அருங்காட்சியகமும் நன்றாக இருக்கும். யூட்டாவோடு சேர்த்து ஒரே நாளில் முடியும். கான் நகரில் தங்குகிறவர்களுக்கு பெகாசஸ் பாலம் பக்கம். நள்ளிரவு தாண்டிய பதினாறாவது நிமிடத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் வந்திறங்கிப் பிடித்த பாலம் அது, அசல் பாலத்தையே அருங்காட்சியக முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போதும்.

இனி முடிவெடுப்பது எளிது. கார் இருந்தால், முதல் முறை போகிறவர்களாக இருந்தால்: காலையில் யூட்டா, மதியம் ஒமாஹா கல்லறைத் தோட்டமும் மணலும். இடையில் நேரமிருந்தால் லா காம்ப் ஊரில் ஜெர்மானியர்களின் கல்லறைத் தோட்டம் வழியில்தான் வருகிறது. கறுத்த கற்சிலுவைகளின் கீழ் 21,000க்கு மேற்பட்டவர்கள். அமெரிக்கத் தோட்டத்துக்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் இறந்தவர்களிலும் பலர் பள்ளி முடித்த வயதுப் பிள்ளைகள் என்பது தெரிந்தபின் அங்கே போவோம்.

ரயிலென்றால் பாரிஸ் சான் லஸாரிலிருந்து காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து பாயோ, அங்கிருந்து ஆரோமான்ஷ், மாலை திரும்பும்போது பாயோவிலேயே காமன்வெல்த் கல்லறைத் தோட்டம். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். டிக்கெட்டை முன்பே எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். உள்ளூர்ப் பேருந்துகள் நாளுக்குச் சில முறைதான் ஓடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். கார் ஓட்ட விரும்பாமல், கடற்கரையும் பார்க்க வேண்டும், அருங்காட்சியகமும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு கான் மெமோரியலே சிறு வேனில் கடற்கரைச் சுற்றுலா நடத்துகிறது. செலவு கூடும், அலைச்சல் குறையும். வயதானவர்களோடு போனால் இதைத்தான் சொல்வேன். ஒமாஹாவில் மேட்டுக்கும் மணலுக்கும் இடையே ஏறி இறங்குவது அவர்களுக்குச் சிரமம். யூட்டாவிலும் ஜூனோவிலும் தரை பெரும்பாலும் சமம்.

ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகங்கள் என்று திட்டமிட வேண்டாம். மூன்றாவதில் எதுவும் மனதில் நிற்காது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சின்ன ஊர்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், சைவக்காரர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சீஸ் போட்ட தோசை மாதிரியான காலெத் மட்டும்தான். ஜூலையிலும் காற்று தடுக்கும் மேலாடை வேண்டும்.

மாதம் என்று கேட்டால் செப்டம்பர். ஜூன் முதல் வாரத்தில் நினைவு நாள் நிகழ்ச்சிகள் பார்க்கத்தக்கவைதான். ஆனால் சாலைகளை மூடுவார்கள், தங்குமிடம் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், ஒரு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது. ஜனவரியில் ஜூனோ உட்பட சில மூடியிருக்கும். எந்த மாதமானாலும் நாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த ஊரின் ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். சுற்றுலா அலுவலகங்களின் இணையதளங்களில் கிடைக்கும். வற்றம் காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்று மணிக்குள் வரும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.